நூலைவிட எடை கூடிய துணி

ஆயிரத்து ஐநூறு கிலோ நூல் வாங்கினால் ஆயிரத்து ஐநூற்றுப் பத்து கிலோ துணி வருமா? எந்தக் காலத்திலும் வராது. பின்னும்போது கொஞ்சம் கழியும், டையிங்கில் வெளுக்கப் போட்டால் இன்னும் கொஞ்சம் கழியும். ஆயிரத்து நானூற்று இருபது கைக்கு வந்தால் பரவாயில்லை என்று சொல்லலாம். திருப்பூரில் இது டீ மாஸ்டருக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த வியாழக்கிழமை காலை என் மேஜையில் கிடந்த இரண்டு தாள்களில் ஒன்று நூல் ஆயிரத்து ஐநூறு என்றது, இன்னொன்று கட்டிங்குக்குப் போன துணி ஆயிரத்து ஐநூற்றுப் பத்து என்றது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கால்குலேட்டர் கெட்டுவிட்டதோ என்று மொபைலிலும் போட்டுப் பார்த்தேன். தொண்ணூறு கிலோ துணி எங்கிருந்தோ வந்து எங்கள் கம்பெனிக்குள் உட்கார்ந்திருந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

நான் விஜயராணி. பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கம்; கல்யாணமாகித் திருப்பூர் வந்து பதினெட்டு வருடமாகிறது. நல்லூரில் நஞ்சப்பன் என்பவரின் பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக்கான பேப்பர் வேலை முழுக்க என் தலையில். நூற்று நாற்பது பேர் வேலை செய்கிற இடம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். நீளம்தான். இந்த வேலையில் வாயில்லாமல் இருந்தால் ஏறி மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

தொண்ணூறு கிலோவுக்கு ஏன் அப்படிப் பதறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அமெரிக்கா வரியை ஏற்றியதும் எங்கள் ஆர்டர் அத்தனையும் நின்றது. இரண்டு மாதம் ஷட்டர் பூட்டிக் கிடந்தது. அப்புறம் வேறொரு நாட்டோடு நம் நாடு போட்ட வியாபார ஒப்பந்தம் எங்களைத் தூக்கிவிட்டது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எத்தனையாவது ஷரத்து என்று கேட்டுக்கொண்டு யாராவது வருவார்கள். குளிர் நாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி மைதானத்தில் ஓட விடுகிற நாடு, அவ்வளவு போதும். ஒப்பந்தப்படி எங்கள் சட்டைக்கு அங்கே இறக்குமதி வரி இல்லை. அங்கே எங்கள் சட்டையை வாங்குகிற பையர் அதுவரை வேறு தேசத்தில் தைத்து வாங்கிக்கொண்டிருந்தார். வரி போனதும் இங்கே வந்தார். எங்கள் தையலின் அழகைப் பார்த்து வந்ததாக நஞ்சப்பன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளட்டும், காசா பணமா.

சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. சட்டைத் துணி இந்தியாவில் பின்னியதாக இருக்க வேண்டும். நூல் எங்கிருந்து வந்தாலும் சரி, பின்னல் இங்கே நடந்திருக்க வேண்டும். வெளிநாட்டுத் துணியை இறக்கி, இங்கே வெட்டித் தைத்து, எங்கள் ஊர்ச் சட்டை என்று அனுப்பினால் ஆகாது. எங்கள் துணி எங்கள் சொந்த மிஷினில் பின்னியது என்று ஒவ்வொரு லோடுக்கும் எழுதிக்கொடுக்க வேண்டும். நாங்கள் அதை ஒரிஜின் பேப்பர் என்போம். அதில் கையெழுத்துப் போடுகிறவள் நான். அது பொய் என்று ஆனால் சலுகை போகும், பையர் போவார், ஷட்டர் மறுபடி இறங்கும். யார் எழுதிக்கொடுத்தது என்று தேடி வருகிறவர்கள் என் பெயரைத்தான் படிப்பார்கள். ஏற்கனவே இரண்டு லோடு என் கையெழுத்தோடு போயிருந்தன. மூன்றாவது லோடு, ஒன்பதாயிரம் சட்டை, நூற்றைம்பது பெட்டியில் கட்டித் தயாராக நின்றது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூத்துக்குடி லாரி.

தாள்களை எடுத்துக்கொண்டு கீழே துணிக் குடோனுக்கு இறங்கினேன். குடோன் பொறுப்பு இசக்கிமுத்து அண்ணன். அம்பாசமுத்திரத்துக்காரர், நல்ல மனுஷன், ஒரு முழம் துணி வீணாகப் போனால் சாப்பாடு இறங்காது.

"என்னண்ணே, நம்ம நூலு குட்டி கிட்டி போடுதா?" என்றேன்.

"என்ன மேடம் சொல்லுதீய?"

தாளைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் சிரித்தார்.

"அதுவா! டையிங்ல இருந்து வண்டி வர லேட்டாயிட்டுல்லா அன்னைக்கு. கட்டிங் மேசை சும்மா கெடந்துச்சு. மீரா சாகிப்ட்ட நாலு ரோல் கைமாத்து வாங்கிப் போட்டேன். நம்ம துணி வந்ததும் திருப்பிக் குடுத்துருவோம், நீங்க ஏன் கவலப்படுதீய?"

எங்கள் தெருவில் இது வழக்கம். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்பதைப் போல, துணி பற்றாத கம்பெனி பக்கத்துக் கம்பெனியில் ரோல் வாங்கிக்கொள்ளும். பில் கிடையாது, சீட்டு கிடையாது. அதே நிறம், அதே கனம், அதே எடை. திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. இந்தக் கைமாத்து இல்லாவிட்டால் இந்தத் தெருவில் பாதிக் கம்பெனி எந்த லாரியையும் பிடித்திருக்காது. இத்தனை வருடத்தில் யாரும் யாரையும் ஏமாற்றியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"எந்த லாட் நம்பர்ல வெட்டுனீங்க?"

"நம்ம நம்பர்லதான். நாலு ரோலுக்குன்னு தனி நம்பரா போடுவாவ?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே நம்பரில் வெட்டினால் ஒன்பதாயிரத்தில் எது கைமாத்துச் சட்டை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மீரா சாகிப்பின் குடோன் இரண்டு கட்டடம் தள்ளி. துணி வாங்கி விற்கிறவர், அறுபதை நெருங்குகிறார், பேச்சில் ஒரு நிதானம் இருக்கும். நான் மூச்சிரைக்க நுழைந்ததைப் பார்த்ததும் முதலில் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"குடிங்கம்மா மொதல்ல. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பாய், இசக்கி அண்ணனுக்குக் குடுத்தீங்களே நாலு ரோல், அது எங்க பின்னுனது?"

"அதுவா, கப்பல்ல வந்த சரக்கும்மா. சீனா."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே பதறிவிட்டார். "ஏம்மா, முறையா வரி கட்டி எறக்குன சரக்கு. பில்லு இருக்கு, காட்டட்டா? வெள்ள வேணும்னாரு, நூத்தி நாப்பது கனம் வேணும்னாரு. ரெண்டும் இருந்துச்சு, குடுத்தேன். எந்த ஊருன்னு அவர் கேக்கல. இந்தத் தெருவுல யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லையே!"

"இனிமே கேக்கணும் பாய். அந்த நாட்டுக்காரன் அதைத்தான் கேக்குறான்."

"உங்க நூலோட மூலப்பொருளே வெளிய இருந்துதான வருது?"

"நூலைப் பத்தி அவனுக்குக் கவலையில்ல. பின்னல்ல இருந்துதான் கணக்கு."

"அப்ப இங்கதான் கோடு போட்டிருக்கான்," என்று சொல்லிவிட்டு, அந்த ரோலில் மிஞ்சியிருந்த துண்டு ஒன்றை வெட்டிக் கொடுத்தார். குற்றம் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைக்க வேண்டாமா?

கம்பெனிக்குத் திரும்பி அந்தத் துண்டையும் எங்கள் துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள். தொட்டால் ஒன்று, இழுத்தால் ஒன்று. செக்கிங் சூப்பர்வைசர் நாகஜோதி வந்து எட்டிப் பார்த்தாள். ஆண்டிபட்டிக்காரி, முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். கம்பெனி பூட்டிக் கிடந்த இரண்டு மாதமும் தாராபுரம் பக்கம் வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போனவள். திறந்த அன்றைக்கு வாசலில் தேங்காய் உடைத்தது அவள்தான். சட்டையில் ஊசிமுனை அளவு அழுக்கு இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"அக்கா, லைட் பாக்ஸ்ல வச்சுப் பாத்தீங்களா? வெள்ளத் துணிக்குப் போடுற பளபளப்பு மருந்து ஒவ்வொரு டையிங்லயும் ஒவ்வொரு மாதிரில்ல?"

நிறம் பார்க்கிற பெட்டி அது. அதில் ஒரு கறுப்பு விளக்கு உண்டு. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டால் வெள்ளைத் துணி ஒளிரும். இரண்டு துண்டையும் உள்ளே வைத்து அந்த விளக்கைப் போட்டாள். எங்கள் துணி நீலமாக மின்னியது. மீரா சாகிப்பின் துண்டு நல்ல ஊதா.

"அடியே, நீ நல்லா இருப்ப!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

நஞ்சப்பனிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது மணி பத்தரை. ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, கோபம் வந்தாலும் மரியாதை குறையாத ஆள். அந்த மரியாதையைப் பார்த்தால்தான் நமக்குப் பயமாக இருக்கும்.

"ஏனுங்கம்மிணி, ஒம்பதாயிரத்துல ஐநூறுங்க. அவனென்ன ஒவ்வொண்ணாப் பிரிச்சா பாக்கப் போறான்?"

"பாத்தா என்னங்க பண்றது? கையெழுத்து என்னுதுங்க."

"அட சாமி, லாரி அஞ்சு மணிக்குங்க."

"மூணு லைட் பாக்ஸ் இருந்தா நாலு மணிக்குள்ள பிரிச்சுடலாம். ஊதாவை எடுத்துட்டு மிச்சத்தை அனுப்பலாம். அதுக்கு நான் நிம்மதியா எழுதிக் குடுப்பேன். இல்லன்னா பேனாவைத் தொட மாட்டேங்க."

அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிரிங்க," என்றார்.

எங்களிடம் இருந்தது ஒரு பெட்டி. மீதி இரண்டும் தெருவில் கைமாத்து வாங்கியவைதான், சிரிக்காதீர்கள். பெட்டிகளை உடைத்து, பாலித்தீன் உறையைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு சட்டையாக விளக்கடியில் காட்ட வேண்டியது. நீலம் என்றால் இடது பக்கம், ஊதா என்றால் வலது பக்கம். நாகஜோதியும் பதினோரு பெண்களும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நாலு ரோலுக்கு ஐநூற்று முப்பது சட்டை வரும் என்று எனக்குக் கணக்கு. வலது பக்கத்தில் ஐநூற்று முப்பது சேர்ந்துவிட்டால் இந்தப் பிசாசு நம்மை விட்டுப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

இருபதாவது பெட்டி முடிந்தபோதே வலது பக்கத்தில் நூற்றெழுபது. அப்போதே மனசு சொன்னது, ஏதோ சரியில்லை என்று. நாற்பதாவது பெட்டியில் முந்நூற்று நாற்பது. சாப்பாட்டு மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. அறுபத்து நாலாவது பெட்டியில் நாகஜோதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஐநூத்தி நாப்பத்தெட்டு."

"தப்பா எண்ணியிருப்ப."

"ரெண்டு தடவ எண்ணியாச்சு."

இன்னும் எண்பத்தாறு பெட்டி பாக்கி. இசக்கிமுத்து அண்ணனைக் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தினேன்.

"அண்ணே, உங்க பிள்ளைக மேல ஆணையாச் சொல்லுங்க. நாலு ரோல்தானா?"

"நாலுதான் மேடம்! நான் ஏன் பொய் சொல்லுதேன்?" மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாங்குனது நாலுதான். மத்தபடி குடுத்ததுதான் உண்டு."

"என்ன குடுத்தது?"

"நம்ம கம்பெனி பூட்டிக் கெடந்தப்போ நம்ம வெள்ளத் துணி சும்மாதான கெடந்துச்சு. தெருவுல மூணு கம்பெனிக்காரவிய வந்து கைமாத்து கேட்டாவ. மொதலாளிட்ட கேட்டுட்டுதான் குடுத்தேன். நாம திறக்கவும் திருப்பிக் குடுத்துட்டாவ. ரோல் ரோலா எடை போட்டுத்தான் வாங்குனேன் மேடம். ஒரு கிராம் கொறையல."

கடைசி வரியை அவர் பெருமையாகச் சொன்னார். ஒரு கிராம் குறையவில்லை. அதனால்தான் என் தாளிலும் அது தெரியவில்லை. எங்கள் மிஷினில் பின்னிய துணி வெளியே போயிருக்கிறது, அதே எடைக்கு வேறெங்கோ பின்னிய துணி உள்ளே வந்திருக்கிறது. எடை சரியாக இருந்தால் துணி சரி என்று இத்தனை வருடம் இந்தத் தெரு நம்பியிருக்கிறது, நானும் நம்பியிருக்கிறேன். யாரிடமிருந்து எந்த ரோல் திரும்பி வந்தது, அவர்கள் அதை எந்த ஊர்த் துணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், எதற்கும் பதில் கிடையாது.

"இதுல தப்பு இருக்கா மேடம்?" என்று கேட்டார் இசக்கிமுத்து அண்ணன். "இல்லண்ணே," என்றேன். வேறென்ன சொல்ல?

மூன்றே முக்காலுக்கு எண்ணி முடித்தார்கள். ஊதா ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. ஊதா என்றால் எல்லாமே வெளிநாட்டுத் துணி என்று சத்தியம் பண்ண முடியாது, நியாயம்தான். மங்கலம் ரோட்டில் வேறொரு டையிங்கில் வெளுத்த நம் நாட்டுத் துணியும் அதில் இருக்கலாம். ஆனால் எங்கள் மிஷினில் பின்னி எங்கள் டையிங்கில் வெளுத்தது இல்லை என்பது மட்டும் உறுதி. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு நீலம் மின்னிய ஏழாயிரத்து அறுநூற்று எண்பத்தெட்டைத் திரும்பப் பெட்டி கட்டினோம். எண்ணிக்கை குறைகிறதே என்று பையரின் ஏஜென்ட் போனில் முணுமுணுத்தார். மீதியைப் புதிதாகத் தைத்துப் பின்னால் அனுப்புகிறோம் என்று கெஞ்சிச் சமாளித்தேன். புதிய பேப்பர் போட்டு, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து மணிக்கு லாரி கிளம்பியது. பெண்கள் கை தட்டினார்கள். நஞ்சப்பன் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கி வரச் சொன்னார்.

"பொழச்சோமுங்கம்மிணி," என்றார் என்னிடம்.

பஜ்ஜியைக் கையில் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கம்பெனி திறந்த நாளிலிருந்து அதே குடோன், அதே வெள்ளைத் துணிதானே? மூன்றாவது லோடுக்குள் வந்தது முதல் இரண்டு லோடுக்குள் வராமலா இருந்திருக்கும்?

பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு மேலே போனேன். ஒவ்வொரு லோடிலிருந்தும் ஆறு சட்டையை நாங்கள் எடுத்து வைத்துக்கொள்வோம், பின்னால் பையர் ஏதாவது குறை சொன்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பீரோவில் பன்னிரண்டு சட்டை இருந்தது. நாகஜோதி பின்னாலேயே வந்துவிட்டாள். லைட் பாக்ஸை மேஜையில் வைத்து விளக்கைப் போட்டாள்.

முதல் சட்டை நீலம். இரண்டாவது நீலம். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, எல்லாம் நீலம். ஆறாவதுக்கு நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அதுவும் நீலம். முதல் லோடு தப்பித்தது என்று மூச்சு விட்டேன். இரண்டாவது லோடின் முதல் மூன்றும் நீலம். நாலாவது சட்டையை நாகஜோதி உள்ளே வைத்தாள்.

ஊதா.

அவள் சட்டென்று விளக்கை அணைத்தாள். "அக்கா, போதும். வாங்க, டீ ஆறிடும்."

"லைட்டைப் போடு."

"அக்கா..."

"போடுன்னா போடேன்டி!"

போட்டாள். ஐந்தாவது நீலம், ஆறாவது ஊதா. ஆறில் இரண்டு. இரண்டாவது லோடில் எட்டாயிரம் சட்டை போயிருந்தது. அதில் எத்தனை என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கேயோ ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருக்கும், எந்தப் பிள்ளையோ போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். எல்லாமே எங்கள் மிஷினில் பின்னியது என்று நான் எழுதிக்கொடுத்த தாள் ஏதோ ஓர் ஆபீஸில் இருக்கும். அந்த நாட்டு அதிகாரிகள் கேட்டால் வருடங்கள் கழித்தும் நாங்கள் ஆதாரம் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. வருடக்கணக்கில் ஒவ்வொரு மெயிலையும் பயந்து பயந்து திறந்துகொண்டு நான் உயிரோடிருக்க வேண்டும். என்னால் ஆகாது. அப்படிப்பட்ட நெஞ்சு எனக்கு இல்லை.

நாகஜோதி கீழே போனதும் நஞ்சப்பன் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போன லோடைப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா அம்மிணி?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க நாமளே போயி நம்ம தலையில கல்லைத் தூக்கிப் போட்டுக்கோணும்? கேட்டாப் பாத்துக்கலாமுங்க. இனிமே சுத்தமா செய்வோமுங்க. குடோனுக்குப் பூட்டுப் போட்டு, ஒரு ரோல் வெளிய போகாம நான் பாத்துக்கறனுங்க. அடுத்த பேப்பர்ல இருந்து எம்பட பேரையே போட்டுக்கலாமுங்க."

"போனதுல என் பேரு இருக்குதுங்களே."

"நாலாவது ஆர்டர் நாளைக்கு உறுதியாகுதுங்க. இப்பப் போயி நாமளே தப்புன்னு எழுதுனா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுங்க."

"நூத்தி நாப்பது பேருங்க."

"தெரியுங்க."

இதற்குள் என் குரல் உயர்ந்துவிட்டது. "நான் எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராதுங்க! அவங்களே கண்டுபிடிச்சா மொத்தமாப் போயிரும். நாமளே சொன்னா கொஞ்சமாவது நம்புவாங்க. சலுகைய வாபஸ் வாங்கிக்குறோம், வித்தியாச வரியை நாங்க கட்டுறோம்னு எழுதுறேன். இதுதாங்க நேர்வழி."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். தெருவில் பைக்குகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. திரும்பாமலேயே சொன்னார். "உங்க இஷ்டமுங்க. உங்க கையெழுத்து, உங்க இஷ்டம். அங்கிருந்து என்ன பதில் வருதோ அதையும் நீங்களே கீழ போயி சொல்லிப் போடுங்க."

அவர் வேண்டாம் என்று கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பையருக்கும் ஏஜென்ட்டுக்கும் மெயில் எழுதினேன். இரண்டாவது லோடில் ஒரு பகுதித் துணி நாங்கள் பின்னியதல்ல என்று தெரியவந்திருக்கிறது, அது எங்கள் தெருவின் கைமாத்து வழக்கத்தால் நடந்தது, ஏமாற்றும் எண்ணம் இல்லை, நான் எழுதிக்கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறேன், இப்படிக்கு விஜயராணி. நாலு தடவை படித்துவிட்டு அனுப்பினேன். அனுப்பியதும் பாரம் இறங்கிவிட்டது, அதை மறைக்க மாட்டேன். காலையிலிருந்து முதல் தடவையாகப் பசித்தது.

இருபதே நிமிடத்தில் ஏஜென்ட் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. நேர்மையாகச் சொன்னதற்குப் பையர் நன்றி தெரிவிக்கச் சொன்னாராம். இப்போது கிளம்பிய லோடையும் நிறுத்தி வைத்துச் சோதிப்பார்களாம், அதில் பாக்கியிருந்த சட்டைகளும் இப்போதைக்கு வேண்டாமாம். முழு விசாரணை முடிகிற வரை, மூன்று மாதமோ ஆறு மாதமோ, நாலாவது ஆர்டர் எங்களுக்கு இல்லை. அதை வேறொரு ஒப்பந்த நாட்டில் தைக்க ஏற்கனவே பேசிவிட்டார்கள். இருபது நிமிடத்தில்! அந்த ஊரில் எந்தக் கம்பெனியிலோ இன்றைக்கு ஒருத்தி தேங்காய் உடைப்பாள்.

நஞ்சப்பனிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். திங்கட்கிழமை முதல் தைக்க ஒன்றுமில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஆறரைக்கு மிஷின்களை நிறுத்தச் சொன்னேன். தையல் ஹாலில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். காலையிலிருந்து விளக்கடியில் கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்த பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஒரிசாப் பையன்கள் ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டுக்கொண்டு, நான் சொல்வதை யாராவது இந்தியில் சொல்வார்களா என்று காத்திருந்தார்கள். சொன்னேன். கைமாத்து, ஊதாச் சட்டை, மெயில், ஆர்டர், எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இசக்கிமுத்து அண்ணன் சுவரோரம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

யாராவது திட்டுவார்கள், சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஒருவரும் வரவில்லை. டிபன் பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். கடைசியில் நாகஜோதி மட்டும் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது; அழுததா, விளக்கைப் பார்த்ததா, எனக்குத் தெரியவில்லை.

"நீங்க பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன்க்கா," என்றாள். "ஊதா இருந்தா சொல்லித்தான் ஆகணும். ஆனா அந்தச் சட்டைய என் கையாலதான உள்ள வச்சேன்? நானும் கூடத்தான இருந்தேன்? மொதலாளிகிட்ட போய்க் கேட்டீங்க. அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

என்ன பேச்சுப் பேசுகிறவள் நான்! பக்கத்து மிஷின்மேல் கிடந்த நூல்பிசிறைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரிக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று இறங்கிப் போனாள். கேட்டிருந்தால் நீ என்னடி சொல்லியிருப்பாய் என்று படியில் ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேண்டாம்க்கா என்றுதான் அவள் சொல்லியிருப்பாள். அது மெயில் அனுப்பும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளைக் கேட்காமல் இருந்தேன்.